நெல் வயலில் "சிப்" தொழிற்சாலை!

பினாங்குப் பட்டறைகள் முன்னேறிய கதை

உங்கள் வீட்டில் இருக்கும் செல்போனைச் செய்தது யார்?

"ஏதோ ஒரு கம்பெனி" என்று நினைப்பீர்கள். அது சரி அல்ல. ஒரு நாட்டில் வரைபடம் போடுகிறார்கள். இன்னொரு நாட்டில் உறுப்புகளைச் செய்கிறார்கள். வேறொரு நாட்டில் அவற்றைப் பூட்டுகிறார்கள். பல நாட்டுக் கைகள் சேர்ந்து செய்த பொருள் அது!

இந்த வேலையில், பின்தங்கிய நாட்டின் சிறு பட்டறைகள் பங்கு பெற முடியுமா? முடியும் என்று காட்டியது, மலேசியாவில் உள்ள பினாங்குத் தீவு.

வேலை இல்லாத் திண்டாட்டம்

பினாங்கு, சுங்கவரி இல்லாத துறைமுகமாக இருந்தது. 1969-ல் அந்தச் சலுகை பறிபோயிற்று. வியாபாரம் படுத்தது. இளைஞர்கள் வேலை இன்றித் தவித்தார்கள்.

அதே ஆண்டில் முதல்-மந்திரி ஆனவர் லிம் சோங் யூ. அவர் வெளிநாட்டுக் கம்பெனிகளை அழைத்தார். பாயான் லெப்பாஸ் என்ற இடத்தில், வரிச் சலுகையுடன் தொழிற்பேட்டை அமைந்தது. 1972-ல் அமெரிக்காவின் "இன்டெல்" கம்பெனி, நெல் வயலாக இருந்த நிலத்தில் தொழிற்சாலை கட்டியது. மின்சாரக் கருவிகளுக்கு மூளை போன்ற "சிப்"களை அங்கே பூட்டினார்கள்.

கிராமத்துப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமயிரைவிட மெல்லிய கம்பிகளை இணைத்தார்கள்.

கூலி கிடைத்தது. ஆனால் எந்திரமும் உறுப்பும் வெளிநாட்டில் இருந்து வந்தன. வேறு நாட்டில் கூலி குறைவு என்றால், கம்பெனி மூட்டை கட்டிவிடலாம் அல்லவா?

பட்டறைக்கு வந்த அதிர்ஷ்டம்

எந்திரம் என்றால் தேயும்; பழுதாகும். ஒவ்வொரு உறுப்புக்கும் அமெரிக்காவை எதிர்பார்த்தால் வேலை நின்றுவிடும். ஆகவே, உள்ளூர்ப் பட்டறைகளுக்கு அழைப்பு வந்தது.

முதலில் சின்னச் சின்ன உறுப்புகள். அளவு மயிரிழை கூடத் தவறக் கூடாது. கம்பெனி என்ஜினீயர்களே சொல்லிக் கொடுத்தார்கள். பட்டறைகள் தொழிற்சாலைகளாக வளர்ந்தன.

1989-ல் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றும் ஏற்பட்டது. அரசாங்கம், கம்பெனிகள், கல்வி நிலையங்கள் மூன்றும் சேர்ந்து அதை நடத்தின.

அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்த்த உள்ளூர் என்ஜினீயர்கள், 2000-ல் "விட்ராக்ஸ்" கம்பெனியைத் தொடங்கினார்கள். "சிப்"பில் உள்ள குறையைக் கண்டுபிடிக்கும் எந்திரத்தை அது செய்கிறது. எந்திரத்தை எதிர்பார்த்திருந்த ஊர், எந்திரத்தை ஏற்றுமதி செய்கிறது!

இன்னும் ஒரு படி

உலகில் "சிப்"களைப் பூட்டிச் சோதிக்கும் வேலையில், 100-க்கு சுமார் 13 பங்கு மலேசியாவில் நடக்கிறது. ஆனால், வரைபடம் போடுகிறவருக்கே பெரிய லாபம்.

அதையும் கற்றுக்கொள்ள மலேசியா முனைந்துவிட்டது. 2025 மார்ச்சில் "ஆர்ம்" கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்தது. இதற்காக 10 ஆண்டுகளில் 25 கோடி டாலர் கொடுக்கிறது.

நிலத்தைக் கொடுத்தால் கூலி வரும். தொழிலைக் கற்றால்தான் பிழைப்பு நிலைக்கும்.

புதிதாகத் தொழிற்சாலை வருகிறது என்றால், "எத்தனை பேருக்கு வேலை?" என்று கேட்கிறோம். "உள்ளூர்ப் பட்டறைக்கு என்ன வேலை?" என்றும் கேட்க வேண்டும்!