மரியுப்போலுக்கு ஒரு நிறைகோல், முள்ளிவாய்க்காலுக்கு வேறொன்றா?

வல்லரசுகள் மக்களை இருமுறை கொல்கின்றன. முதற்கொலை குண்டினால், இரண்டாங்கொலை சொல்லினால். குண்டு உடலை அழிக்கும். சொல்லோ அவ்வழிவு நிகழவே இல்லையென்று சாதிக்கும். 2022 பிப்பிரவரி 24-ஆம் நாள் உருசியப் படைகள் உக்கிரைன் நாட்டுட் புகுந்தன. அதனைப் 'போர்' என்று சொல்லுவதே உருசியாவிற் குற்றமாயிற்று. 'தனிப்படை நடவடிக்கை' என்றே சொல்லுதல் வேண்டுமாம்! மார்ச்சு 4-ஆம் நாள் இயற்றிய சட்டம், படையைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்புவார்க்கு 15 ஆண்டு வரை சிறை என்றது. இச்சொல்லாட்டம் நமக்குப் புதியதன்று. 2009-இல் வன்னி மண்ணைக் குருதிச் சேறாக்கிய சிங்கள அரசு, அதற்கு 'மாந்தநேய நடவடிக்கை' என்றன்றோ பெயரிட்டது? பொதுமக்கள் ஒருவர்க்கும் ஊறு செய்யாததே தன் கொள்கை என்றன்றோ உலகுக்குச் சாற்றியது?

இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் தெளிவு தமிழர்க்கு உண்டா என்பதே எம் வினா. இல்லை என்றே பலர் பேச்சுக் காட்டுகின்றது. ஒருசாரார், 'மேலை நாடுகளின் கொட்டத்தை அடக்க வந்தவர் புடின்' என்று முழங்குகின்றனர். மற்றொரு சாரார், தமிழுணர்வாளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர், 'உக்கிரைன் சிங்களவனுக்கு வானூர்தி விற்ற நாடு. பட்டுத் தெளியட்டும்' என்கின்றனர். இவ்விரு கூற்றிலும் உண்மையின் துணுக்கு உண்டு. இல்லாத பேரழிவுப் படைக்கலங்களைக் காரணமாகக் காட்டி 2003-இல் ஈராக்கினுட் புகுந்தது அமெரிக்கா. தமிழர் தலைமேற் குண்டு பொழிந்த மிக்-27 வானூர்திகள் உக்கிரைனிலிருந்தே 2000 முதல் கொழும்புக்கு வந்தன. இவற்றை யார் மறுப்பார்? ஆயினும் ஒருவன் செய்த தீமை மற்றொருவன் செய்யும் தீமையை நன்மையாக்கிவிடுமா? விற்றவன் அரசு, சாவது மக்கள். அரசின் கடனை மகவீன்ற தாயிடம் தண்டுவது எவ்வூர் அறம்?

போர்முறையை நோக்குவோம். 2022 மார்ச்சு 9-ஆம் நாள் மரியுப்போல் நகரின் மகப்பேற்று மருத்துவமனை குண்டினால் தாக்குண்டது. அங்கு நோயாளர் இல்லை, பகைப்படையினரே இருந்தனர் என்றது மாசுக்கோ. மார்ச்சு 16-ஆம் நாள், மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த நாடக அரங்கு தகர்க்கப்பட்டது. வானிலிருந்து காணுமாறு அதன் முன்னும் பின்னும் 'குழந்தைகள்' என்று பேரெழுத்தில் எழுதி வைத்திருந்தனர். அவ்வெழுத்தும் காவாதாயிற்று!

இனி வன்னிக்கு வருவோம். 2008 செபுதம்பரில் ஐ.நா. பணியாளரும் பிற தொண்டமைப்பினரும் அங்கிருந்து வெளியேறுமாறு கொழும்பு ஆணையிட்டது. கண்கள் அகற்றப்பட்டன. 2009 சனவரி முதல் மே வரை, 'பாதுகாப்பு வலயம்' என்று மூன்று நிலப்பகுதிகளை அரசே ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தது. மக்களை அவற்றுள் வரச்சொன்னது. வந்தபின் அவற்றின்மேலேயே எறிகணை பொழிந்தது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீண்டும் மீண்டும் தாக்குண்டபோது, வலயத்துக்கு வெளியே உள்ள மருத்துவமனை தாக்குதற்குரிய இலக்கே என்னும் பொருள்படத் தொலைக்காட்சியிற் பேசினார் பாதுகாப்புச் செயலாளராயிருந்த கோத்தபய இராசபக்சே. அங்கிருந்த மக்கள் தொகையைக் குறைத்துக் காட்டி, அந்தக் கணக்குக்கே உணவும் மருந்தும் அனுப்பினர். ஆனால் போர் முடிந்தபின் முகாம்களில் அடைக்கப்பட்டோரே ஏறத்தாழ 2,90,000 பேர்! ஐ.நா. பொதுச்செயலர் அமர்த்திய மூவர் குழு 2011-இல் வெளியிட்ட அறிக்கை, இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. மக்களை வெளியேறவிடாது தடுத்ததாகவும், வெளியேறியோரைச் சுட்டதாகவும் அவ்வறிக்கை புலிகள் மீதும் குற்றஞ் சுமத்தியது. அதனை மறைத்துப் பேச வேண்டுவதில்லை. ஒரே நிறைகோல் கேட்பவன் தன் பக்கத் தட்டையும் அதில் ஏற்றத்தான் வேண்டும்.

போரறம் என்பது மேலையர் செனீவாவில் எழுதிக்கொண்டு வந்து நமக்குக் கற்பித்ததன்று. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அவன் அம்பு தொடுக்குமுன் ஆவும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் மகப்பேறு இல்லாதோரும் அரண் சேருமாறு முன்னறிவித்த முறையைப் புறநானூற்றிற் போற்றுகின்றார். அவ்வறிவிப்பின் நோக்கம் எளியோரை அம்பினின்று விலக்குதல். வன்னியில் நிகழ்ந்தது அதன் தலைகீழ்! எளியோரை ஓரிடத்திற் குவித்தற்கே அறிவிப்புப் பயன்பட்டது. அறத்தின் மொழியையே கொலைக்கருவியாக்கிய கயமை இது.

இக்கொடுமைகளின் வேரெங்கே உள்ளது? ஓர் இனத்தின் மொழியை மறுப்பதில் உள்ளது. உக்கிரைனியம் என்றொரு தனிமொழி இருந்ததுமில்லை, இருக்கவும் முடியாது என்னும் கருத்தைத் தாங்கிய சுற்றாணையை உருசியப் பேரரசின் உள்நாட்டமைச்சர் 1863-இல் விடுத்தார். 1876-இல் அம்மொழியில் நூல் அச்சிடுவதும் வெளிநாட்டிலிருந்து கொணர்வதும் தடுக்கப்பட்டன. அவர்தம் பெரும்பாவலர் தாராசு செவ்சென்கோ 1847-இல் நாடு கடத்தப்பட்டபோது, எழுதவும் ஓவியந் தீட்டவும் கூடாதென்று பேரரசனே ஆணையிட்டான். 2021 சூலையில் புடின் எழுதிய கட்டுரை, உருசியரும் உக்கிரைனியரும் ஒரே மக்கள் என்றது. ஏழே திங்களிற் படை புறப்பட்டது. ஈழத்திலும் இதே வரிசைதான். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்திற்குத் தீ. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பல். அதன்பின் ஊர்களுக்கே தீ. மொழியை மறுப்பவன் பின்னர் மண்ணையும் மறுப்பான். இறுதியில் உயிரையும் மறுப்பான். இவ்வளவுகோலை உக்கிரைன் அரசுக்கும் நீட்டுவோம். அங்கு உருசிய மொழியாளரும் அங்கேரிய மொழியாளரும் பள்ளியிலும் அலுவலிலும் தம் மொழிக்கு இடங்குறைந்ததென்று எழுப்பும் முறையீடு செவிசாய்த்தற்கு உரியதே. ஆனால் அம்முறையீட்டுக்கு விடை சட்டத்தில் உள்ளதேயன்றித் தகரியிலும் ஏவுகணையிலும் இல்லை.

மற்றொன்றும் காண்க. தன்னிடமிருந்த அணுப்படைக்கலங்களைத் துறந்தால் எல்லைக்கு ஊறில்லை என்னும் உறுதிமொழியை 1994-இல் புதாபெசுட்டு நகரில் உக்கிரைனுக்கு அளித்தோருள் உருசியாவும் ஒன்று. 2014-இல் அதே உருசியா கிரீமியாவைக் கவர்ந்தது. 1987 சூலை 29-ஆம் நாள் கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் ஓர் உடன்பாட்டிற் கைச்சாத்திட்டன. தமிழ்ப் போராளிகள் படைக்கலங்களை ஒப்படைத்தல் வேண்டும். வடக்கும் கிழக்கும் இணையும் என்றனர். அவ்வாண்டு அக்குதோபரிலேயே காக்க வந்த படை யாழ்ப்பாணத் தெருக்களிற் போர் தொடுத்தது. யாழ் மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவரும் செவிலியரும் நோயாளரும் மாண்டனர். இணைத்த வடகிழக்கை 2006-இல் இலங்கை உச்சநயமன்றம் பிரித்துப் போட்டது. வல்லார் தரும் வாய்மொழி மெலியார்க்கு வேலியாகாது என்பதற்கு இனியும் சான்று வேண்டுமோ?

இத்துணை ஒப்புமை இருந்தும் விளைவு மட்டும் ஏன் வேறாயிற்று? மரியுப்போல் எரிந்த ஓராண்டுக்குள், 2023 மார்ச்சு 17-ஆம் நாள், உக்கிரைனியக் குழந்தைகளை நாடு கடத்திய குற்றத்துக்காகப் புடின்மேல் பன்னாட்டுக் குற்றவியல் நயமன்றம் பிடியாணை பிறப்பித்தது. முள்ளிவாய்க்காலுக்காகப் பன்னாட்டு நயமன்றம் எதுவும் ஒருவன்மேலும் பிடியாணை பிறப்பித்ததில்லை. காரணம் இரண்டு. ஒன்று, மரியுப்போலின் தொடக்க நாள்களில் உலகச் செய்தியாளர் அங்கிருந்து படம் அனுப்பினர். வன்னியிலோ கடைசிவரை நின்ற சில மருத்துவரின் தொலைபேசிக் குரலன்றி வேறு வாயில் இல்லை. மற்றொன்று, உக்கிரைனுக்காகப் பேச அரசுகள் இருந்தன. நமக்காகப் பேச ஓர் அரசும் இல்லை. நம் வரியிற் கொழுக்கும் தில்லி எங்கே நின்றது? 2009 மே 27-ஆம் நாள் செனீவாவில் ஐ.நா. மாந்த உரிமைப் பேரவை, குருதி காயுமுன்பே இலங்கை அரசைப் பாராட்டித் தீர்மானம் இயற்றியது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, வாக்களியாதோர் 6. ஆதரித்தோருள் உருசியாவும் சீனாவும் இந்தியாவும் உள. வாக்களியாதோருள் ஒன்று உக்கிரைன்.

'பார்த்தீரா! நமக்காக அன்று அது கைதூக்கவில்லை' என்பாரே, அவர் மேலும் கேட்க. 2021 மார்ச்சில், இலங்கைக் குற்றங்களுக்குச் சான்று திரட்டும் தீர்மானம் அதே பேரவையில் வந்தபோது உக்கிரைன் ஆதரித்தது, உருசியா எதிர்த்தது, இந்தியா வாக்களியாது ஒதுங்கியது. 2022 மார்ச்சு 2-ஆம் நாள் ஐ.நா. பொதுப்பேரவை உருசியப் படையெடுப்பைக் கண்டித்தபோது 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, ஒதுங்கிய 35 நாடுகளுள் இந்தியாவும் இலங்கையும் அருகருகே இருந்தன! அதற்கு முன்னாளிலேதான் கார்கீவ் நகரில் கருநாடக மாணவர் ஒருவர் எறிகணைக்கு இரையாகியிருந்தார். அதன்பின் உருசிய எண்ணெய் மலிவாக வந்தது. இந்திய இளைஞர் சிலர் உருசியப் படையிற் சேர்க்கப்பட்டு மாண்ட செய்தியும் வந்தது. இதுவோ நடுவுநிலை? நடுவுநிலையாவது கொலைஞனுக்கும் கொலையுண்டாருக்கும் இடையே வாய்மூடி நிற்பதன்று. சமன்செய்து சீர்தூக்கி உண்மை எங்குளதோ அங்குச் சாய்தல் என்க.

ஆயினும் வாக்கைக் கணக்கிட்டு அறம் பேசுதல் வணிகமேயன்றி அறமாகாது. உக்கிரைன் இன்னும் ஒருமுறை நமக்கு எதிராகக் கைதூக்கினும், மரியுப்போற் குழந்தை குழந்தையே. 'வலியவன் தன் பக்கத்து நாட்டை விழுங்குவது இயல்பு' என்று புடினுக்காக வாதாடும் தமிழனே! அந்த வாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு சிங்களவன் உன் முன் நின்றால் என்ன விடை சொல்வாய்? மருத்துவமனை மீது விழுந்த குண்டை இங்கே ஞாயப்படுத்தும் நா, அங்கே நயன்மை கேட்க எழுமா? பிறர் துயர்க்குக் கதவடைப்பவன் தன் வழக்கையே தோற்கின்றான்.

செய்ய வேண்டுவது யாது? 2009 சனவரி 29-ஆம் நாள் சென்னையில் முத்துக்குமார் தன்னையே எரித்துக்கொண்டார். தமிழகம் கதறியது, ஆனால் அக்கதறல் தில்லியின் ஒரு வாக்கையும் அன்று மாற்றவில்லை. இனி எரிய வேண்டுவது உயிரன்று. எழுத வேண்டுவது சான்று. எம் தருமபுரி மாவட்டத்திலும் ஈழத்தமிழர் முகாம்கள் உள. கண்டதைச் சொல்லும் முதியோர் ஆங்குள்ளனர். கல்லூரி மாணவர் அவரிடஞ் சென்று, நாளும் ஊரும் பெயரும் பிறழாது, மிகைப்படுத்தாது, அவர் இசைவுடன் எழுதி வைத்தல் வேண்டும். தேர்தலில் வாக்குக் கேட்டு வருவாரிடம், செனீவாவில் உம் கட்சி யார் பக்கம் என்று கேட்டல் வேண்டும்.

இம்மண்ணே அதற்குச் சான்று. அதியமான் நெடுமானஞ்சியின் தகடூரை முற்றி அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையின் புகழ் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தாக முழுமையாய் நிற்கின்றது. அம்முற்றுகையைப் பாடிய தகடூர் யாத்திரையோ, சில பாடல்களே எஞ்ச அழிந்துபோயிற்று. முள்ளிவாய்க்காலின் கதையும் வென்றவன் ஏட்டில் மட்டுமே நிற்க விடுவோமா? எழுதுக, தமிழ் இளைஞரே! அவ்வேட்டிற்கு உலகின் செவி வேண்டுமாயின், மரியுப்போலின் குரலுக்கு முதலில் உம் செவி திறக்க!