பெட்டிக்குள்ள இருக்கிறது யாரோட ஃபிலிம்?

எங்க ஆச்சி வீட்டை இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் மாமாவோட பழைய யாஷிகாவைத் தூக்கிக்கிட்டு ஊருக்குக் கிளம்பினேன். கையில் ஒரு புது கருப்பு-வெள்ளை ரோல். அதை ஏன் வாங்கினேன்னு கேட்டா, பெட்டி அழகா இருந்தது, அவ்வளவுதான். மேலே 400 என்று போட்டிருந்தது. நானும் கேமராவில் 400 வைத்தேன். டெவலப் பண்ணிப் பார்த்தால், அடுப்படியில் எடுத்த ஏழு ஃப்ரேமிலும் ஜன்னல் கம்பி மட்டும்தான் தெரிந்தது, மீதியெல்லாம் ஒரே கருப்பு. "அடுப்பு எங்கடா?" என்று ஆச்சி கேட்டாங்க. அதுக்குள்ள வீட்டையே இடிச்சு முடிச்சிருந்தாங்க.

தப்பு ரோல் மேல இல்லை. ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்காத ஃபிலிமை, திரும்பப் போக முடியாத இடத்துக்குக் கொண்டு போனது நான். அதனால்தான் சொல்றேன்: பெட்டிக்குக் காசு கொடுக்காதீங்க, ஃபிலிமுக்குக் கொடுங்க.

ஃபிலிம் செய்வது சாதாரண வேலை இல்லை. வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து, கும்மிருட்டில், அகலமான பிளாஸ்டிக் சுருளில் ஒரே சீராகப் பூச வேண்டும். பிறகுதான் 35 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, ஓட்டை போட்டு, டப்பாவில் அடைப்பது. அப்படிப் பூசும் ஆலைகள் உலகத்திலேயே கொஞ்சம்தான். (ஊட்டியிலும் ஒன்று இருந்தது தெரியுமா? 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் போட்டார்கள். இப்போ மூடியாச்சு.) ஆனால் பெயர்கள் மட்டும் டஜன் கணக்கில் இருக்கு. நிறைய பேர் வேறொரு ஆலையில் பூசிய ஃபிலிமை வாங்கி, தங்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். இதில் மோசடி எதுவும் இல்லை. அமெரிக்காவில் மாணவர்கள் வாங்கும் அரிஸ்டா இடியூ அல்ட்ரா, செக் நாட்டு ஃபோமாபான்தான். விலை குறைவு, ஃபிலிம் அதேதான். அப்படின்னா தாராளமா வாங்கலாம். அதே ஃபிலிமை ஸ்டைலான பெட்டியில் போட்டு அதிக விலைக்கு விற்கும்போதுதான் எனக்கு எரிச்சல்.

கண்டுபிடிக்கிறது எப்படி? முதலில் 'மேட் இன்' பாருங்க. செக் என்றால் ஃபோமா. இங்கிலாந்து என்றால் ஹார்மன், அதாவது இல்ஃபோர்டும் கென்ட்மியரும் வரும் அதே ஆலை. அடுத்து டெவலப்பிங் நேரங்களை ஒப்பிடுங்க. நாலைந்து டெவலப்பரிலும் அதே நிமிடக் கணக்கு வந்தால் சந்தேகப்படலாம், ஆனால் அது முழு ஆதாரம் ஆகாது. பழைய பெயரை மட்டும் நம்பவே நம்பாதீங்க. அக்ஃபாஃபோட்டோ 2005-ல் திவாலானது. இன்றைக்கு ஏபிஎக்ஸ் என்று வருவது அந்தப் பழைய ஃபிலிம் இல்லை.

ஒரிஜினல் பெயர் தெரிந்தால் காசு மட்டும் மிச்சம் இல்லை, அதோட குணமும் தெரிந்துவிடும். ஃபோமாபான் 400-ஐப் பலர் 200 வைத்துத்தான் எடுக்கிறார்கள். இரண்டு மடங்கு வெளிச்சம் விழுவதால் நிழலில் இருப்பதும் பதியும். ஃபோமாபான் 100-க்கு இரவில் பொறுமை வேணும்: மீட்டர் 10 செகண்ட் காட்டினால் 80 செகண்ட் திறந்து வைக்கச் சொல்வது அந்தக் கம்பெனியின் டேட்டா ஷீட்டே. கோயில் தெப்பத்தை எடுக்கப் போறவங்களுக்கு இது தெரியலைன்னா ரோல் போச்சு.

"அதான் டிஜிட்டல் இருக்கே, எதுக்கு இந்த அவஸ்தை?" என்று என் ரூம்மேட் கேட்கிறான். நியாயமான கேள்விதான், அதுக்கு வேறொரு இதழில் சண்டை போடுவோம்.

இப்போ நாங்க நாலு பேர் காசு போட்டு 100 அடி சுருளாக வாங்குகிறோம். 36 ஃப்ரேம் ரோல் சுமார் 18 கிடைக்கும். காலி டப்பாவை லேபில் கேட்டு வாங்கிக்கிறோம். ஒரே ஃபிலிம், ஒரே டெவலப்பர், ஒரு நோட்டு. முதல் ரோலை முழுக்க கேன்டீனில்தான் வீணாக்கினோம்: அதே மேசை, அதே ஜன்னல், அதே மாஸ்டர் அண்ணன், 100, 200, 400 என்று மாற்றி மாற்றி. அண்ணன் முகம் 200-ல்தான் ஒழுங்கா வந்தது.

ஏப்ரலில் ஃபேர்வெல். அதுக்குன்னு அழகான பெட்டி ஒன்றை வாங்கி ஷெல்ஃபில் வைத்திருந்தால், அதே ஃபிலிமில் இன்னொரு ரோல் வாங்கி இந்த வாரமே கேன்டீனுக்குக் கொண்டு போங்க. மாஸ்டர் அண்ணனுக்குப் போஸ் கொடுத்துப் பழகிடுச்சு.