கொல்லைப்புறம் வீண் நிலம் அல்ல

சென்னையில் தியாகராய நகர் இன்று துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் பெயர் பெற்ற இடம். அங்கே ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் அந்த நகரை அமைத்தார்கள். அங்கே கட்டிய வீடுகள் பலவற்றின் பின்னால் கிணறும், தென்னை, வாழை, முருங்கையும் கொண்ட கொல்லை இருந்தது. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் அப்படியே. ஒரு வீட்டு முருங்கைக்காய் அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கிருந்து வாழைப்பூ மதில் மேலாகத் திரும்பி வரும். பின்னர் மனை விலை ஏறியது. தனி வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்தன. கொல்லை கார் நிறுத்தும் இடமாயிற்று.

இன்று அதே பகுதிகளில் மொட்டை மாடியில் பை வைத்துக் கத்தரியும் கீரையும் வளர்க்கிறார்கள். தோட்டக்கலைத் துறையே 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. பொள்ளாச்சிப் பக்கத்தில் குவியும் தென்னை நார்க்கழிவு கட்டியாக அழுத்தப்பட்டு, மண்ணுக்குப் பதிலாக இந்த மாடிகளுக்கு விலைக்கு வருகிறது. வரவு செலவு பார்த்தால் காயைக் கடையில் வாங்குவதே மலிவு என்று தோன்றும். ஆனாலும் செய்கிறார்கள். பூ பிஞ்சாவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும், எதிர் வீட்டாருக்கு ஒரு பிடி கீரை கொடுக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

நகரத்தார் விலை கொடுத்துத் தேடும் இந்த வசதி கிராமத்துச் சிறு விவசாயிக்குப் பின்கதவைத் திறந்தாலே கிடைக்கிறது. ஆனால் பல ஊர்களில் கொல்லையில் சிமென்ட் தளம் போட்டாயிற்று. இல்லையேல் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. நெல் விளைவிக்கும் குடும்பம் கீரைக்கட்டை விலைக்கு வாங்குகிறது.

கொல்லைக் காயால் கடன் அடையுமா என்று கேட்கலாம். அடையாது. ஆனால் கையில் பணம் குறையும்போது வீட்டில் முதலில் குறைவது காய்கறிதான். ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி தேவை என்கிறது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி. நான்கு பேர் குடும்பத்துக்கு அது ஒன்றரைக் கிலோவுக்கு மேல். இதை நாள்தோறும் கடையில் வாங்கக் கூலி வருமானம் தாங்காது. இதில் ஒரு பங்கைக் கொல்லை தந்தாலும் ஆதாயமே.

இதற்கு ஒரு சென்ட், அதாவது சுமார் 435 சதுர அடி இருந்தாலே தொடங்கலாம். ஓரத்தில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை. குளிக்கும் தண்ணீர் ஓடும் வழியில் இரண்டு வாழை. நடுவில் கீரைப் பாத்தி. பதினைந்து நாளுக்கு ஒரு பாத்தி விதைத்து வந்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். சோப்பு நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம், கீரைக்கு விடக்கூடாது. ஆடும் கோழியும் நுழையாதபடி வேலி அவசியம். கம்பளிப்பூச்சிக்குப் பயந்து முருங்கையை வெட்டுவோர் உண்டு. பூச்சிகள் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும் நேரத்தில் தீப்பந்தம் காட்டினால் போதும், மரத்தைக் காப்பாற்றலாம்.

எல்லா வீட்டிலும் எல்லாமும் வேண்டியதில்லை. ஒரு வீட்டில் முருங்கை, அடுத்த வீட்டில் பப்பாளி, அதற்கடுத்து சுரைப் பந்தல் என்றிருந்தால் தெருவே ஒரு தோட்டமாகும். விதைக்கென்று ஒரு சுரைக்காயை முற்ற விட்டு, நாலு வீட்டுக்குப் பகிர வேண்டும். வீரிய ஒட்டு ரகத்தின் விதை மறு தலைமுறையில் அதே குணத்தோடு வராது. நாட்டு ரகமே பகிர ஏற்றது. பேச்சு வார்த்தை நின்றுபோன இரு வீடுகளுக்கிடையே ஒரு கூடை அவரைக்காய் செய்யும் வேலையைப் பஞ்சாயத்து கூடச் செய்யாது.

தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகளுக்கும் களை பிடுங்குவது பெரியவர்களுக்கும் மாலைப் பொழுதுக்கு ஏற்ற வேலை. மிஞ்சிய காயை விற்றுவரும் சில்லறை வீட்டுப் பெண்களின் கையிலேயே இருக்கட்டும். அப்போதுதான் தோட்டம் நிலைக்கும்.

ஆடி பிறக்குமுன் கொல்லையைக் கொத்தித் தொழு உரம் இட்டு, பந்தல் கால் நட்டுவிடலாம். ஆடியில் ஊன்றும் அவரை தை மாதத்தில் பொங்கலுக்குக் காய் தரும்.