வேலை முடிந்த வேளையில்: ஔவையைத் தேடிய மாலை



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட இரயில்வே குமாஸ்தா ஒருவன், கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் கலையைப் பற்றிப் பேசத் துணிவதேன் என்று தாங்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் சென்ற ஞாயிறன்று எங்கள் ஜாதவ்பூர் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று என்னை எழுதத் தூண்டிற்று.

எட்டாம் வகுப்பில் பயிலும் என் மகள், வீட்டிலுள்ள தமிழ் நூல்களைக் கணக்கிடப் பைத்தான் மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். அம்மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமே. எனினும் 2008-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல், நாம் சூட்டும் பெயர்கள் தமிழிலும் இருக்கலாம். எனவே அவள் வள்ளுவர், கம்பர், ஔவை என்று பெயர் சூட்டி, ஒவ்வொன்றுக்கும் நேரே நூல்களின் எண்ணிக்கையைக் குறித்தாள். கூட்டுத்தொகையைக் கேட்டபோதோ, ஔவை என்னும் பெயரைத் தான் அறியேன் என்றது கணிப்பொறி!

“மேலே எழுதித்தானே இருக்கிறேன், அப்பா! ஆங்கிலத்திலேயே பெயர் வைத்திருந்தால் இந்தத் தொல்லை வந்திராது” என்று சலித்துக்கொண்டு, தமிழ்ப் பெயர்களையெல்லாம் அழிக்கத் தொடங்கினாள். வெளியில் வங்காளியும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளரும் பிள்ளையின் வாயிலிருந்து அச்சொல் வந்தபோது என் நெஞ்சம் சுருக்கென்றது. “சற்றுப் பொறு அம்மா” என்று அருகில் அமர்ந்தேன்.

அவள் எழுதியது விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் எடிட்டரில். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-இல் அறிமுகப்படுத்திய இக்கருவி இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பெயரின்மேல் சுட்டியை வைத்தால், அதே பெயர் வரும் பிற இடங்களும் நிழலிட்டுத் தோன்றும். மேலிருந்த ஔவையின்மேல் வைத்தோம். கீழிருந்த ஔவை அசையவில்லை. அதன் அடியில் மட்டும் அலைபோன்ற கோடு ஒன்று நெளிந்தது. எழுத்தின் பின்னே நின்று அழிப்பு விசையை அழுத்தினோம். மேலே ‘ஔ’ முழுவதும் மறைந்தது. கீழே ‘ள’ மட்டும் மறைந்து ‘ஒ’ நின்றது! ஓரிடத்தில் ஓரெழுத்தாகவும், மற்றோரிடத்தில் ‘ஒ’, ‘ள’ என ஈரெழுத்தாகவும் அவள் அடித்திருக்கிறாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ இரண்டும் வெவ்வேறு.

இக்கருவியில் அண்மை ஆண்டுகளில் சேர்ந்த வசதிகள் சில எனக்கு வியப்பளித்தன. ஒன்றனுள் ஒன்றாக அமையும் அடைப்புக்குறி ஜோடிகளை அடுக்குக்கு ஏற்ப வெவ்வேறு நிறத்தில் காட்டும் வசதி 2021 முதல் உண்டு. எது எதனோடு இணையும் என்று விரல் வைத்து எண்ண வேண்டுவதில்லை. 2022-இல் வந்த வசதியால், நீண்ட நிரலில் எவ்வளவு கீழே சென்றாலும் அப்பகுதியின் தலைப்பு வரி மேலே நிலைத்து நிற்கிறது. பேரேட்டில் பக்கந்தோறும் பத்தித் தலைப்பை மீண்டும் எழுதும் எம் போன்றோர்க்கு அதன் அருமை விளங்கும். தோற்றத்தால் மயக்கும் எழுத்துகளையும் கண்ணுக்குப் புலப்படாத குறிகளையும் கட்டமிட்டுக் காட்டும் வசதி 2021-இன் இறுதியில் சேர்ந்தது. ஆனால் எங்கள் ‘ஒள’ அதன் கண்ணில் படவில்லை. அலைக்கோடே எங்களைக் காத்தது.

நம் ஜாதவ்பூருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் கூடி உருவாக்கிய ஐ.எஸ்.ஐ.ஜே.யு. என்னும் டிரான்ஸிஸ்டர் கணிப்பொறி 1966-இல் இயங்கத் தொடங்கியது. அட்டையிலும் நாடாவிலும் துளையிட்டுக் கணிப்பொறிகளுக்குக் கட்டளை ஊட்டிய காலம் அது. ஒரு துளை பிசகினால் அலைக்கோடா வந்து எச்சரிக்கும்? பிழை முழுவதும் மனிதன் தலையில்தான்.

அந்நிலை தானாக மாறிவிடவில்லை. 1970-களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில், லாரி டெஸ்லர், டிம் மாட் என்னும் இருவர் ஜிப்ஸி என்ற எழுதுகருவியைச் செய்தனர். கணிப்பொறி அறியாதவர்கள் எவ்வாறு எழுத விழைகின்றனர் என்று கவனித்தே அதனை அமைத்தனர். இன்று நாம் எண்ணாமலே செய்யும் வெட்டி ஒட்டும் முறை அவ்வுழைப்பின் பயனாகும். எளியவனின் தடுமாற்றத்தைக் கண்டு நகைக்காமல், அதற்குக் காரணம் கருவியிலும் இருக்கலாம் என்று எண்ணியதே அவர்கள் பெருமை.

இத்தனை வசதியும் பிள்ளைகளைச் சோம்பேறிகளாக்காவோ என்று நண்பர் ஒருவர் கேட்டார். பாதிச் சொல்லை அடிக்குமுன் மீதியைக் கருவியே நீட்டினால் சிந்தனை மழுங்கும் என்பது உண்மையே. ஆனால் பிழை இருக்கும் இடத்தைச் சுட்டுவது வேறு, விடையை ஊட்டுவது வேறு. அலைக்கோடு இடத்தைத்தான் சொல்லிற்று. காரணத்தை நாங்களே தேடிக் கண்டோம்.

தமிழிலேயே கட்டளை எழுத விரும்புவோர்க்கு, முத்து அண்ணாமலை என்பார் 2009-இல் கட்டுரை வாயிலாக அறிமுகம் செய்த எழில் என்னும் நிரல்மொழி உண்டு. அச்சிட ‘பதிப்பி’ என்பது கட்டளை. நிபந்தனையை முதலில் கூறி, அதன் பின்னரே ‘ஆனால்’ என்று எழுதுதல் வேண்டும். நம் பேச்சின் ஒழுங்கும் அதுவன்றோ!

அன்பர்களே, கருவி செய்வோர் யாவரும் தமிழ் அறிந்தவரல்லர். ‘ஔ’ படும் பாட்டை நாம் சொல்லாவிடில் அவர்கள் எங்ஙனம் அறிவர்? இவ்வெடிட்டரில் காணும் குறைகளை எவரும் எழுதித் தெரிவிக்க வழி இருக்கிறது. என் மகள் ஆங்கிலத்தில் எழுத, நான் அருகிலிருந்து ‘ஔ’வின் இலக்கணத்தைச் சொல்ல, ஒரு விண்ணப்பம் ஆயத்தமாகி வருகிறது.

நிரலில் ஔவை ஔவையாகவே இருக்கிறாள். கூட்டுத்தொகையும் சரியாக வந்தது.