“ஸேவ் பண்ணலையா?”



நம்ம கம்ப்யூட்டர் லேபில் யாராவது தலையில் கை வைத்து உட்கார்ந்தால், சுற்றி நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்பவன் நல்லவன்தான். ஆனால் ஃபெயிலானவனிடம் போய் “படிக்கலையா?” என்று கேட்பது மாதிரி இருக்கும்.

போன செமஸ்டரில் அந்தக் கேள்வி எனக்கு வந்தது. சர்வே பிராக்டிகலுக்காக மூன்று நாள் வெயிலில் நின்று ஆட்டோ லெவலில் எடுத்த 84 ஸ்டாஃப் ரீடிங். ஃபீல்டு புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதியம் இரண்டு மணியிலிருந்து எக்செல்லில் ஏற்றினேன். ரைஸ், ஃபால், ஆர்.எல். எல்லாவற்றுக்கும் ஃபார்முலா போட்டு, நாலு மணிக்கு கிராஃப் வரையும்போது திரை வெளுத்துப் போச்சு. மேலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’. “பவர் பட்டனை அமுக்குடா” என்றான் பக்கத்தில் இருந்தவன். அமுக்கினேன். கம்ப்யூட்டர் திரும்ப வந்தது, என் ஷீட் வரவில்லை. அன்றைக்கு ரெக்கார்டில் கையெழுத்து கிடைக்கவில்லை, இன்டர்னல் மார்க்கும் குறைந்தது.

எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். “டைப் அடிச்சது எங்கடா போவும்? பெட்டிக்குள்ளதானே இருக்கும்?” என்று கேட்டாங்க. அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு விசாரித்துப் பார்த்தால், அம்மா சொன்னது பாதி நிஜம்!

நாம் டைப் செய்வது முதலில் ‘ரேம்’ என்ற தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கிறது. கரண்ட் போனால் அதுவும் போச்சு. ஆனால் எக்செல் சும்மா இருப்பதில்லை. நாம் மாற்றி வைக்காதவரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே ஒரு நகல் எடுத்து ஹார்டு டிஸ்க்கில் ஒளித்து வைக்கிறது. ‘ஆட்டோ ரெகவர்’ என்று பெயர். இரண்டு மணி நேரம் உழைத்த எனக்கு, கடைசிப் பத்து நிமிட வேலை போயிருந்தாலும் மீதி பத்திரமாக இருந்திருக்கும். அதை அழித்தது எது தெரியுமா? நான் அமுக்கிய பவர் பட்டன்! ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்புகிற மென்பொருளைப் பல லேப்களில் போட்டு வைக்கிறார்கள். வைரஸுக்குப் பயந்து செய்வது, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வைரஸோடு சேர்ந்து என் நகலும் போய்விட்டது.

அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? முதலில் கையைக் கட்டிக்கொண்டு சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பெரிய ஷீட் என்றால் சில நேரம் தானே தெளிந்துவிடும். தெளியாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் எக்செல்லை மட்டும் மூடித் திரும்பத் திறந்தால், இடது பக்கம் ‘டாகுமெண்ட் ரெகவரி’ என்று பழைய ஷீட் எட்டிப் பார்க்கும். பெயரே வைக்காத ஷீட்டை, ‘டோன்ட் ஸேவ்’ என்று தவறி அழுத்தி மூடிவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் வொர்க்புக், அதில் ‘ரெகவர் அன்சேவ்டு வொர்க்புக்ஸ்’. நாலு நாள் வரைக்கும் அங்கே கிடக்கும். பத்து நிமிடம் ஆவதற்குள் மூடியிருந்தால் மட்டும் கடவுள்கூட காப்பாற்ற முடியாது.

இதைச் சொல்லித்தர எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணி. இந்த அரை மணியை நமக்கு யாரும் தரவில்லை என்பதுதான் என் வருத்தம். வீட்டில் கம்ப்யூட்டர் உள்ளவன் பத்தாவது படிக்கும்போதே ஏதாவது விளையாட்டு ஃபைலைத் தொலைத்து இதைக் கற்றுக்கொள்கிறான். நம்மில் பல பேர் முதன்முதலில் தொலைப்பதே ரெக்கார்டு வைக்கும் நாளில்! இது அவன் கெட்டிக்காரத்தனமும் இல்லை, நம்ம கவனக்குறைவும் இல்லை.

பெரிய இடத்திலும் கம்ப்யூட்டர் படுக்கத்தான் செய்கிறது. 2024 ஜூலை 19 அன்று ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோளாறான அப்டேட்டால், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஊழியர்களை யாராவது “ஸேவ் பண்ணலையா?” என்று கேட்டார்களா?

நம்ம பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறந்தாச்சு. ரயிலில் போகும்போது அண்ணாந்து பார்க்காதவன் யார்? அங்கே வேலைக்குப் போகணும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. அங்கே கரண்ட் போனால் தாங்க யு.பி.எஸ். இருக்கும். நம்ம லேபிலும் எல்லா மேசைக்கும் யு.பி.எஸ். வேண்டும் என்று பேரவை கேட்க வேண்டும். அதற்குப் பணம் இல்லை என்றால், காசில்லாத வேலை ஒன்று சொல்கிறேன். எக்செல் ஆப்ஷன்ஸில் ‘ஸேவ்’ பகுதிக்குப் போய்ப் பத்து நிமிடத்தை ஒரு நிமிடமாக மாற்றட்டும். நகல் போய்ச் சேரும் இடத்தையும் ரீஸ்டார்ட் ஆனால் துடைக்கப்படாத டிரைவுக்கு மாற்றட்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு நிமிட வேலை. முதலாண்டு முதல் லேப் வகுப்பில் வேண்டுமென்றே எக்செல்லை நிறுத்தி, மீட்டுக் காட்டட்டும்.

அதுவரை, தம்பி தங்கைகள் யார் பெயர் கொடுத்தாலும் சனிக்கிழமை மதியம் நானே உட்கார்ந்து காட்டுகிறேன். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் எங்க தெரு அண்ணன் வாங்கியது இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் லிப்ரே ஆபீஸ்தான் ஓடும். அதிலும் மீட்கலாம், திரும்பத் திறந்தால் அதுவே கேட்கும். பேட்டரி செத்துப் போனது, அதனால் பிளக் பாயிண்ட் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.