மேசைப்பந்தாட்டமும் ஆசானும்

கிண்ணம் வென்ற மாணவரின் படம் ஆண்டுதோறும் நமது மலரை அணிசெய்கின்றது. அவருக்கு மட்டை பிடிக்கப் பழக்கியவர் யாவர் என்னும் வினாவோ எழுவதேயில்லை. இஃது ஒரு பெருங்குறை என்பது எமது கருத்து. அதனை மேசைப்பந்தாட்டத்தைக் கொண்டே விளக்க விரும்புகின்றோம்.

ஒன்பது அடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள பலகை. அரையடி உயர வலை. மூன்று கிராம் நிறையும் இல்லாத பந்து. மழை நாளில் பொழுதுபோக்க ஏற்றதென்று பலரும் இவ்வாட்டத்தை எளிதாக நினைக்கின்றனர். ஆடிப் பார்த்தவரே அதன் அருமையறிவர். பந்தின் சுழற்சியைக் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் உணர்ந்து, அதற்கேற்ப மட்டையைச் சாய்க்கும் திறம் தானே வந்தெய்துவதன்று; அருகிருந்து திருத்துவார் ஒருவர் வேண்டும்.

சென்னையில் வாழ்ந்த வே. சந்திரசேகர் இவ்வாட்டத்தில் மும்முறை இந்தியாவின் வாகையரானவர். 1982-இல் அர்ஜுனா விருதும் பெற்றவர். 1984-இல் முழங்கால் நோவு நீங்கும்பொருட்டு ரண சிகிச்சை செய்துகொண்டார். நோவு நீங்கிற்றோ இல்லையோ, அவருடைய நடையும் பேச்சும் பார்வையும் பழுதுற்றன. விளையாட்டு வாழ்வு அன்றோடு முடிந்தது. நெடுநாள் வழக்காடி நட்டஈடு பெற்றார். இழந்த ஆட்டத்தை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரவல்லது?

அவர் மூலையில் முடங்கியிருந்திருப்பாராயின் யாரும் அவரைக் குறை கூறியிரார். அவரோ சிறிது சிறிதாகத் தேறி, மீண்டும் அப்பலகையருகே வந்து நின்றார், இம்முறை ஆசானாக. முன்போல் ஓடியாடிக் காட்ட இயலாத ஒருவரிடம் இளைஞர் பலர் பயின்று தேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான சத்தியன், 2019-இல் உலக வரிசையில் முதல் இருபத்தைவருக்குள் இடம்பெற்ற முதல் இந்தியராயினார். சந்திரசேகர் 2021 மே மாதத்தில், கொரோனா நோயால், தமது 63-ஆம் வயதில் காலமானார். அவர் வென்ற மூன்று பட்டங்களை விட, துன்பத்திற்குப் பின் அவர் கற்பித்த ஆண்டுகளையே யாம் பெரிதாக மதிக்கின்றோம்.

துன்புற்றமையாலன்றோ அவர் ஆசானானார், உடல்நலமுடையார்க்கு இஃது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அங்ஙனமன்று. சத்தியனைப் பின்னர்ப் பயிற்றிய இராமன் என்பாரும் முன்னாள் வாகையரே. பத்துமுறை தேசிய வாகை சூடி, 2006-லும் 2022-லும் காமன்வெல்த் ஒற்றையர் பொற்பதக்கம் வென்று, 2025 மார்ச்சில் சென்னையிலேயே ஓய்வு பெற்றாரே சரத் கமல், அவரைச் சிறுவயது முதற்கொண்டு பழக்கியவர்கள் அவர்தம் தந்தையும் சிறிய தந்தையும் ஆவர்.

கடல்கடந்தும் இதனைக் காணலாம். 1952-இல் பம்பாயில் நிகழ்ந்த உலகப் போட்டியில், கடற்பஞ்சு போன்ற மெத்தை ஒட்டிய மட்டையால் சாத்தோ என்னும் ஜப்பானியர் வென்று அனைவரையும் வியப்பிலாழ்த்தினார். அவர்க்குப்பின் 1954-லும் 1956-லும் உலக வாகையரான ஒகிமுரா, ஆட்டத்தை விட்ட பின்னர் உலக மேசைப்பந்துச் சங்கத்தின் தலைவராகி, பிரிந்து பகைத்திருந்த இரு கொரியாக்களையும் 1991-இல் ஓரணியாக நின்று ஆடச் செய்தார். அவ்வணியின் மகளிர் சீனரையே வென்றனர். ஒகிமுராவின் பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வரவேண்டியது இதுவேயன்றி அவருடைய பதக்கங்கள் அல்ல.

நிற்க. நமது கல்லூரியில் நடப்பது யாது? முதலிரண்டு ஆண்டுகள் நன்கு ஆடிய மாணவர், மூன்றாமாண்டில் பரீட்சையை அஞ்சி மட்டையைப் பெட்டியில் பூட்டிவிடுகின்றனர். அவர் கற்றது அவரோடு மறைகின்றது. அடுத்து வருவோர் மீண்டும் அகரத்திலிருந்து தொடங்குகின்றனர். பரீட்சை முக்கியமே; யாம் மறுக்கவில்லை. ஆயினும் வாரம் இரு மாலை, ஒவ்வொரு மணி நேரம், இளையார்க்குக் கற்பிப்பதால் எவருடைய தேர்ச்சியும் கெட்டுவிடாது. அவ்வாறு கற்பிப்பாரது பெயரையும் வென்றவர் பெயருக்கு அருகே இம்மலரில் அச்சிடுமாறு ஆசிரியர்க்குழுவினரை வேண்டுகின்றோம்.

மற்றொன்று. பழனிக்கு அணித்தான பாலசமுத்திரம் முதலிய ஊர்களிலிருந்து வரும் மாணவர் பலர், இங்கு வந்த பின்னரே இப்பலகையை முதன்முதல் காண்கின்றனர். பட்டணத்துப் பிள்ளைகளோ பத்து வயதிலேயே பழகியவர்கள். பந்தயம் தொடங்குமுன்னரே தோல்வி எழுதப்பட்டுவிடுகின்றது. புதுப்பலகை வாங்குங்கால் பழையதை விறகாக்காது செப்பனிட்டுப் பாலசமுத்திரத்துப் பள்ளியொன்றிற்கு அளிக்கலாம். கோடை விடுமுறையில் மூத்த மாணவர் இருவர் அங்குச் சென்று ஒரு திங்கள் தங்கிப் பயிற்றலாம். வண்டிக்கூலியைப் பழைய மாணவர் சங்கத்தார் ஏற்பரேல், வரும் சித்திரையிலேயே இதனைத் தொடங்கிவிடலாம்.