கண்ணாடி டம்ளரை எடு, அப்புறம் மஞ்சப்பையைக் கொடு

சீயமங்கலத்துக்கு வெளியாட்கள் வந்தால் குகைக்கோயிலைப் பார்க்கத்தான் வருவார்கள். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்தான் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. ராசா உளி பிடித்தானா? உளி பிடித்த கை எது, உதிர்ந்த கல்லை வாரிக் கொட்டிய கை எது? அதை எந்தக் கல்வெட்டும் சொல்லாது. அள்ளுகிறவன் பெயரை எந்தக் காலத்திலும் எவனும் எழுதியதில்லை. நான் எழுத வந்தது அள்ளுகிறவனைப் பற்றி. அவன் அள்ளவேண்டியிருக்கிற பொருளைப் பற்றியும்தான்.

பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று இன்றைக்கு எல்லாரும் சொல்கிறார்கள். 2018 சூன் 5ஆம் தேதி சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 சனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களைத் தமிழக அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ வந்தது. 2022 சூலை 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பல பொருட்களை மத்திய அரசும் தடை செய்தது. நல்லது. பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. கவரோடு சேர்த்துச் சோத்தைத் தின்ன மாடு வயிறு ஊதிச் செத்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனா எனக்கொரு பழைய கணக்கு பாக்கி இருக்குது. இந்தக் கப்பு எங்க கைக்கு எப்படி வந்துச்சு?

எங்க தாத்தாவுக்கு டீ கொட்டாங்குச்சியில். எங்க அப்பாவுக்கு, கடைக் கூரையில் சொருகி வைத்த அலுமினிய டம்ளரில். அவரே எடுக்கணும், குடிச்சிட்டு அவரே கழுவணும், திரும்ப அவரே சொருகணும். எனக்கு பிளாஸ்டிக் கப். எங்க வீட்டு மூணு தலைமுறை வளர்ச்சி இவ்வளவுதான்.

செஞ்சிக்குப் போகிற சாலையில் ஒரு டீக்கடை. பெயர் வேண்டாம், அந்த ஒரு கடையோடு முடிகிற சங்கதியா இது? பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குக் கண்ணாடி டம்ளரில் கொடுத்தார். நின்றுகொண்டிருந்த எனக்கு கப்பை நீட்டினார்.

‘அண்ணே, எனக்கும் கிளாஸ்ல குடுங்க’ன்னேன்.

‘கப்புதான் சுத்தம்பா. புதுசு. யாரு எச்சிலும் படாதது.’

‘அப்ப அவருக்கு மட்டும் ஏண்ணே எச்சி கிளாசு?’

பெஞ்சில் இருந்தவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். கடைக்காரர் பதில் சொல்லவில்லை. பதில் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

1955லேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தாச்சு. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2011 ஏப்ரலில் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்சநீதிமன்றமே இரட்டைக் குவளையைக் கடுமையாகக் கண்டித்தது. அதனால் சாதி புத்திசாலி ஆகிவிட்டது. ரெண்டு டம்ளர் வைத்தால் தீண்டாமை. ஒரு டம்ளரும் ஒரு கப்பும் வைத்தால் சுகாதாரம்! போலீசு வந்து தேடினால் சாட்சி எங்கே? சாட்சியைக் கசக்கி நானே அல்லவா குப்பையில் போட்டேன்! தீண்டாமையைச் செய்தவன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். அதன் தடயத்தை அழிக்கிற வேலையும் தீண்டப்படாதவன் தலையில்.

தடை வந்ததும் பிளாஸ்டிக் கப் போய் பேப்பர் கப் வந்தது. அந்தப் பேப்பருக்கு உள்ளே ஒட்டியிருப்பதும் பிளாஸ்டிக் படலம்தான். 2019 தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. இருந்தும் கடைக்குக் கடை கிடைக்கிறதே, ஏன்? வியாபாரம் ஒரு காரணம். இந்த நாட்டில் எச்சில் என்பது சாதி என்பது இன்னொரு காரணம். கப்புக்கு மாற்று என்ன என்று சுற்றுச்சூழல்காரர்கள் மண்ணிலும் மூங்கிலிலும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மாற்று கடையிலேயே இருக்கிறது, அய்யா! அந்தக் கண்ணாடி டம்ளர்தான். எல்லாருக்கும் ஒரே டம்ளர். என் வாய் பட்டதைக் கழுவி உன் வாய்க்குக் கொடுக்க வேண்டும். அதற்குத் தயாரா? தயார் என்றால் ஒரு நாளில் ஒழியும் கப்பு. இல்லையென்றால் நீ ஆயிரம் மஞ்சப்பை கொடுத்தாலும் கப்பு ஒழியாது.

சரி, தூக்கிப் போட்ட கப் எங்கே போகிறது? 2025 சூலையில் செஞ்சிக் கோட்டையை உலக பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. பெருமைதான். பெருமையைப் பார்க்க வருகிறவன் தண்ணி பாட்டிலை வீசிவிட்டுப் போவான். குனிந்து பொறுக்குவது யார்? ஊராட்சிகளில் அவர்களுக்குத் ‘தூய்மைக் காவலர்’ என்று பட்டம். கொடுப்பது சம்பளம் அல்ல, ‘மதிப்பூதியம்’. மதிப்பும் கிடையாது, ஊதியமும் கிடையாது, அதனால்தான் ரெண்டையும் சேர்த்து ஒரு பேர்!

நகரத்தில் கவரும் கப்பும் சாக்கடையை அடைக்கும். அடைப்பெடுக்க மனிதனைக் குழிக்குள் இறக்குவார்கள். 2013இல் சட்டம் தடுத்தது. குழியில் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இலும், 30 லட்சம் என்று 2023இலும் உச்சநீதிமன்றம் சொன்னது. உயிரின் விலை ஏறியது. குழிக்குள் ஆள் இறங்குவது நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், எங்கள் வேலையைத் தனியாருக்குத் தாரை வார்க்காதே என்று ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் போலீசு அப்புறப்படுத்தியது. குப்பை அள்ளியவர்களைக் குப்பையாக அள்ளினார்கள். மஞ்சப்பை பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட எத்தனை பேர் அந்த ராத்திரி வாய் திறந்தார்கள்?

‘ஏழை ஜனங்கதான் கவரும் பாக்கெட்டுமா குப்பை போடுது’ என்று இன்னொரு பேச்சு. அன்னாடம் கூலி வாங்குகிறவள் ஒரு ரூபா ஷாம்பு பாக்கெட்தான் வாங்க முடியும். பாட்டில் வாங்கக் கையில் மொத்தமாகக் காசு வேண்டும். அவள் வறுமையை அளந்து பாக்கெட் போட்டவன் கம்பெனிக்காரன். பல அடுக்கு ஒட்டிய அந்த உறையைப் பழைய இரும்புக் கடைக்காரன்கூட வாங்கமாட்டான், பொறுக்குகிறவனும் தொடமாட்டான். 2019இல் தடை வந்தபோது பால், எண்ணெய் பாக்கெட்டுகளுக்கு விலக்கு கொடுத்த அரசு, பூக்காரம்மா கையிலிருந்த கவரைப் பிடுங்கியது. அபராதம் கீழே இருப்பவனுக்கு, அவகாசம் மேலே இருப்பவனுக்கு.

ஊரைத் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது, தோழர்களே. ஏப்ரல் 14 ஊர்வலம் முடிந்ததும் தெருவைப் பாருங்கள். பிளாஸ்டிக் கொடி, தண்ணிப் பாக்கெட், பிரியாணி போட்ட கவர். மறுநாள் அதை அள்ளுவது நம் அக்கா. அண்ணல் படத்துக்குக் கீழே நம் குப்பையை நம் பொம்பளைகள் வாரிக்கொண்டிருந்தால் அது என்ன விழா? அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. நம் தெருக் கல்யாணத்துக்கு வருகிற அருந்ததியருக்கும் புதிரை வண்ணாருக்கும் நாம் டம்ளர் கொடுக்கிறோமா, கப் கொடுக்கிறோமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நமக்குக் கீழே ஒருத்தன் வேண்டும் என்று நாம் நினைக்கிற நிமிடத்தில் அந்த டீக்கடைக்காரன் ஜெயித்துவிட்டான்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். டீக்கடையில் கப் வேண்டாம், எல்லாருக்கும் ஒரே டம்ளர், கழுவ வெந்நீர். தடையை மீறினால் கடைக்காரனுக்கு முன்னால் கப் செய்கிறவன் மேல் வழக்கு. அள்ளுகிறவர்களுக்கு நிரந்தர வேலை, கையுறை, முழுச் சம்பளம். நம் கூட்டங்களில் இனிமேல் துணிக்கொடி, பானைத் தண்ணி, கழுவி வைக்கிற டம்ளர்.

அடுத்த தடவை கடையில் கப்பை நீட்டினால் வாங்காதே. ‘பிளாஸ்டிக் தடைண்ணே, கிளாஸ்ல குடுங்க’ன்னு சொல்லு. சட்டம் இந்த ஒரு தடவை நம்ம பக்கம் நிக்குது. கிளாஸ் வர்ற வரைக்கும் அங்கேயே நில்லு.